‘வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ ஒரே கேள்வி, இரண்டு ஆய்வுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “குறட்டை விடுகிறீர்களா? வலி மாத்திரை எடுக்கிறீர்களா? ஆய்வுக்கு ஆள் தேவை” என்கிற மாதிரி அறிவிப்புகள் கெமிஸ்ட் கடைக் கண்ணாடியிலும் வாட்ஸப் குழுக்களிலும் வரும்போதெல்லாம், கூடவே ஒரு யோசனையும் சுற்றுகிறது: “எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போடு, எடுத்துக்கொள்வார்கள்.” வேறு சிலர் நேர்மாறாக, “மாத்திரையைப் பற்றி வாயே திறக்காதே” என்கிறார்கள். இரண்டுமே உயிரோடு விளையாடுகிற யோசனை. இவை ஓபியாயிட் வகை வலி மருந்து தூக்கத்தில் மூச்சை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று ஆய்வாளர்கள் வைக்கும் விதிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், பதிலை வளைக்கத் தோன்றாது. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கத்து வாசகர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஓபியாயிட் என்பது அபினிலிருந்து எடுத்ததும், அதைப் பார்த்து ஆலையில் செய்ததுமான மருந்துக் குடும்பம்: கோடீன், டிராமடால், மார்பின், ஆக்சிகோடோன், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பிளாஸ்டர், மெத்தடோன், புப்ரெனார்பின். இவை வலியை மட்டும் அடக்குவதில்லை. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும் நரம்புக் கூட்டத்தையும் மந்தமாக்கும். விழித்திருக்கும்போது பேச்சும் நடையும் நம்மை மூச்சு விட வைத்துவிடும். தூங்கியதும் அந்தத் துணை போய்விடும்.

தூக்கத்தில் மூச்சு நிற்பது, டாக்டர்கள் ‘ஆப்னியா’ என்பது, இரண்டு வகை. ஒன்று, தொண்டை மூடிக்கொள்வது. அப்போது மூக்கில் காற்றே வராது, ஆனால் நெஞ்சும் வயிறும் இழுத்துப் போராடும். தூக்கப் பரிசோதனையின் பதிவுத் திரையில் மூக்குக் கோடு தட்டையாகக் கிடக்க, நெஞ்சில் கட்டிய பட்டையின் கோடு ஏறும்போது வயிற்றுப் பட்டையின் கோடு இறங்கும். மற்றது, மூளையே மூச்சு விடச் சொல்லாமல் விட்டுவிடுவது. அப்போது மூன்று கோடுகளும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். ஓபியாயிட் எடுப்பவர்களிடம் இந்த இரண்டாவது வகை கூடுதலாகத் தென்படும். இன்னொன்றும் உண்டு: ஒரு மூச்சு பெரிது, அடுத்தது சிறிது, பிறகு ஒரு நீண்ட நிறுத்தம், மறுபடி இரண்டு மூச்சு என்று ஒழுங்கே இல்லாத மூச்சு. குறட்டையே இல்லாமல் இது நடக்கலாம். “நான் குறட்டை விடுவதில்லை, எனக்கென்ன” என்று சொல்லிவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இனி தகுதிக்கு வருவோம். இந்தத் துறையில் இரண்டு வகை ஆய்வுகள் நடக்கின்றன. முதல் வகையில், ஏற்கெனவே மாதக்கணக்காக ஓபியாயிட் எடுத்துவருகிறவர்களைத் தூங்கவைத்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாம் வகையில், ஆப்னியா இருக்கிற, ஆனால் ஓபியாயிட் பழக்கமே இல்லாத ஒருவருக்குக் கண்காணிப்பில் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து, அன்றிரவு என்ன மாறுகிறது என்று அளப்பார்கள். அறிவிப்பின் தலைப்பில் ஒரே கேள்விதான் இருக்கும். முதல் வகைக்கு ‘ஆமாம்’ என்பவர் தகுதி, இரண்டாம் வகைக்கு ‘இல்லை’ என்பவர் தகுதி. இரண்டாம் வகையில் சேர்வதற்காகத் தினமும் கோடீன் எடுப்பதை மறைத்தால், கொடுக்கும் அளவு அவருக்குப் பழகிய அளவாக இருந்துவிடும், முடிவு பொய்யாகும். முதல் வகையில் சேர்வதற்காக எடுக்காத மாத்திரையை எடுப்பதாகச் சொல்லி, அதை நிரூபிக்க அன்றைக்கென்று நாலு விழுங்கிவிட்டு வந்தால், பொய்யாவது முடிவு மட்டுமல்ல. பழக்கமில்லாத உடம்பில் அந்த நாலும் என்ன செய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முதல் வகை ஆய்வில் பெரும்பாலும் ‘நிலையான அளவு’ என்று ஒரு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட வாரங்களாக, பல ஆய்வுகளில் மாதங்களாக, அளவு ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுவதைப் பார்க்கிறோம். டாக்டர் எழுதிக்கொடுத்தது மட்டும்தான் மருந்து, கெமிஸ்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவது ‘சும்மா தலைவலி மாத்திரை’ என்று ஒரு நினைப்பு. இந்த நாட்டில் கோடீன் சேர்ந்த கலவை மாத்திரைகளைச் சீட்டு இல்லாமலே மருந்தாளர் கையிலிருந்து வாங்கலாம், பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். பெயர் ஏன் எழுதப்படுகிறது என்று ஒரு தடவை யோசித்தாலே அது சும்மா மாத்திரை இல்லை என்று தெரிந்துவிடும்.

மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாராசிட்டமால், காஃபீன் இவற்றுக்கு நடுவே கோடீன் 8 அல்லது 10 மி.கி. என்று இருக்கும். சிலவற்றில் தூக்கம் வரவைக்கும் டாக்சிலமின் சேர்ந்திருக்கும். சில கலவைகளில் மெப்ரோபமேட் என்ற பழங்காலத்து மயக்க மருந்தும் உண்டு. வேறு பல நாடுகள் கைவிட்டுவிட்ட சரக்கு அது, இங்கே வலி மாத்திரைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரிலிருந்து அத்தை பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கும் ‘முட்டிவலி மாத்திரை’யையும் திருப்பிப் பாருங்கள். டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்றிருந்தால் அதுவும் ஓபியாயிட்தான். டாபென்டடாலும் அப்படியே. இருமல் மருந்துப் புட்டியையும் விட்டுவிட வேண்டாம்.

ஆய்வில் இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர, வாய்வழி மார்பினுக்கு எத்தனை மி.கி. சமம் என்று மாற்றிக் கணக்குப் போடுவார்கள். 10 மி.கி. கோடீன் உள்ள மாத்திரை ஒரு நாளைக்கு ஆறு என்றால் 60 மி.கி. கோடீன், அதை 0.15-ஆல் பெருக்கினால் மார்பின் கணக்கில் 9 மி.கி. மணிக்கு 25 மைக்ரோகிராம் விடும் ஃபென்டனில் பிளாஸ்டரை 2.4-ஆல் பெருக்கினால் 60 மி.கி. டிராமடாலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் போட்ட பட்டியலில் அதன் பெருக்கல் எண் 0.1, 2022-இல் போட்டதில் 0.2. நாளைக்கு 200 மி.கி. டிராமடால் எடுக்கும் ஒருவர் பழைய பட்டியலில் 20, புதியதில் 40. ஆய்வின் குறைந்தபட்ச வரம்பு 30 என்று வைத்திருந்தால், ஒரே மனிதர், ஒரே மாத்திரை, பட்டியலைப் பொறுத்து உள்ளே அல்லது வெளியே. எந்தப் பட்டியல் என்று கேட்பதில் தப்பே இல்லை. புப்ரெனார்பினை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற இந்தக் கணக்கை வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது. அது ஆபத்தை மதிப்பிடுவதற்கு உள்ள எண், அளவு எழுதிக்கொடுக்க உள்ளதல்ல.

ஆகவே முதல் சந்திப்புக்குப் போகும்போது பெயர்களை ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள். வீட்டில் உள்ள எல்லாப் பட்டைகளையும், புட்டிகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் ஒரு ஷாப்பிங் பையில் போட்டு அப்படியே மேசைமேல் கொட்டுங்கள். அதற்கு முந்தைய 14 நாள் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

சேர்வதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பல வாரம் எடுத்த ஓபியாயிட்டைப் பட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, கால் துடிப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அந்த நிலையில் செய்த தூக்கப் பரிசோதனை எதற்கும் உதவாது. அதைவிட மோசமானது, நிறுத்திய சில நாளில் உடம்பின் பழக்கம் குறைந்துவிடும். ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றதும் “சரி, பழையபடி போட்டுக்கொள்வோம்” என்று பழைய அளவையே விழுங்கினால் மூச்சு நின்றுபோகலாம். குறைக்க வேண்டும் என்றால் எழுதிக்கொடுத்த டாக்டரோடு சேர்ந்து படிப்படியாகத்தான்.

விலக்கும் விதிகளில் முதலில் வருவது கலப்பு. லோராசெபாம், டயாசெபாம் போன்ற பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகள், சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை, கபாபென்டின், ப்ரீகபாலின் என்ற நரம்பு மாத்திரைகள், மது, இவற்றில் எதையாவது ஓபியாயிட்டோடு சேர்த்து எடுப்பவரைப் பல ஆய்வுகள் விலக்கிவிடும். அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் ஓபியாயிட்டும் பென்சோடயசிபைனும் சேர்வது பற்றித் தன் மிகக் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் போட்டது, 2019-இல் கபாபென்டின் வகைக்கும் மூச்சு மந்தமாவது பற்றி எச்சரித்தது. விலக்குவது நியாயம்தான். ஆனால் எங்கள் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். நிஜ வாழ்க்கையில் முதுகுவலிக்காரர் ராத்திரியில் வலி மாத்திரை, நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றையும்தான் ஒன்றாக விழுங்குகிறார். மிக ஆபத்தில் இருப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு வரும் முடிவை, பிறகு அவருக்கே பொருத்திச் சொல்வது சரியாக வராது.

சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. சாதாரண ஓபியேட் சோதனைப் பட்டை மார்பினையும் கோடீனையும் நன்றாகக் காட்டும், டிராமடால், ஃபென்டனில், மெத்தடோனைக் காட்டாது. அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். இன்னொரு பக்கம், கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டவருக்கு மார்பின் என்று காட்டலாம், ஏனென்றால் கசகசா அபின் செடியின் விதை. இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவில் வேலையிடச் சோதனையின் வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக ஏற்றினார்கள். ஆய்வுக் கூடத்தில் எந்த வரம்பு என்று நமக்குத் தெரியாது. கல்யாண வீட்டு விருந்து முடிந்த மறுநாள் சோதனை இருந்தால், குருமா சாப்பிட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது இரண்டு மூன்று நாள் கசகசாவைத் தவிர்த்துவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ‘சுகர்ஸ்’ என்று விற்கும் ஹெராயின் கலவையிலிருந்து மீண்டு மெத்தடோனிலோ புப்ரெனார்பினிலோ இருப்பவர்கள் தயங்குவது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தால். அவர்களுக்கென்றே நடக்கும் ஆய்வுகளும் இருக்கின்றன. தாள்களில் பெயருக்குப் பதில் எண் போடுவார்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் ‘பாப்பியா’ என்று சொல்வது, உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் வைத்திருக்கிறது. மெத்தடோன் எடுப்பவருக்கு முதலில் ஈசிஜி எடுப்பார்கள், அது இதயத்தின் மின் இடைவெளியை நீட்டக்கூடிய மருந்து என்பதால். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதயம் பற்றிய கேள்வியை யாரும் ‘பரவாயில்லை’ என்று தாண்டிவிடக் கூடாது. மூளை வகை ஆப்னியாவுக்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்றபடி காற்றழுத்தத்தை மாற்றிக்கொடுக்கும் ஒரு கருவி உண்டு, முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்துவைக்கும் சாதாரண சிபாப் கருவியைவிட அது பல நேரம் நன்றாக வேலை செய்யும். ஆனால் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தம் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம், மூளை வகை ஆப்னியாவே மிகுந்திருந்தவர்களுக்கு, அந்தக் கருவியால் இதயச் சாவு கூடியது என்று 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. கருவி சம்பந்தப்பட்ட ஆய்வுகள் எக்கோ எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வித்தாள் என்று வந்தால் பெரும்பாலும் எட்டுக் கேள்வி: குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் நிறை எண் 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு, ஆண். 0 முதல் 2 வரை குறைந்த ஆபத்து, 3, 4 நடுத்தரம், 5-உம் அதற்கு மேலும் அதிகம். நம்மவர்களுக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை. தெற்காசிய உடம்பில் கொழுப்பு குறைந்த எடையிலேயே தொந்தரவு கொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2004-இல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்று கூடுதல் எல்லைகள் சொன்னதும் அதனால்தான். 28 எண்ணுள்ள நம் ஊர் அம்மாவுக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் விழாது, ‘ஆண்’ கேள்வியிலும் விழாது. குறட்டை என்று சொல்ல வெட்கம், அதுவும் போயிற்று. காலைத் தலைவலி, இரவில் நாலு தடவை எழுவது, மாதவிடாய் நின்றபின் வந்த அலுப்பு என்று அவர் சொல்வதற்குத் தாளில் பெட்டியே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கழுத்தை அளக்கும்போது குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, நாடா தோலில் படியும் அளவுக்கு, இறுக்காமல் அளக்க வேண்டும். சட்டைக் காலர் எண்ணைச் சொல்லிவிடுவது அளவல்ல.

அடுத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது சுருங்குகிறது என்ற எண். குறைந்தது 10 நொடி நின்றால்தான் ஒன்று என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை. பல ஆய்வுகளின் வாசல் இந்த 15-இல்தான் நிற்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சிறு கருவியில் மூளை அலை பதிவாவதில்லை, நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. 84 தடவை மூச்சு நின்றதாக வைத்துக்கொள்வோம். கருவி ஓடியது 7 மணி நேரம் என்றால் 12, லேசானது, தகுதி இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டிருந்துவிட்டு 5 மணி நேரம்தான் தூங்கினார் என்றால் 16.8, நடுத்தரம், தகுதி உண்டு. படுத்த நேரம், விழித்த நேரம், எழுந்து போன நேரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொடுத்தால் இந்தப் பிழை பெருமளவு குறையும். வலியால் தூக்கம் வராதவர்களுக்கு இது முக்கியம்.

ஆய்வகத்தில் படுப்பவர்களுக்குச் சில கைக்குறிப்புகள். அன்று தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள், தேங்காய் எண்ணெய் பட்ட தலையில் மின்முனை பாதி ராத்திரியில் வழுக்கி விழுந்துவிடும். விரல் நுனியில் மருதாணியோ அடர்ந்த நகப்பூச்சோ இருந்தால் ஆக்சிஜன் அளவி தப்பாகப் படிக்கலாம், ஒரு விரலையாவது வெறுமையாக வையுங்கள். அந்த அளவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் குணமும் உடையது. 2020-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், அளவி காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விரதத்துக்குத் தாடி வளர்த்திருப்பவர்களுக்கு முகவாயில் ஒட்டும் மின்முனை நிற்காது, முகமூடியும் காற்றை ஒழுகவிடும். காவடி முடிந்து மழித்தபின் தேதி கேட்டு வாங்குங்கள். மதியத்துக்கு மேல் காப்பி வேண்டாம். மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்திலேயே எடுத்து, நேரத்தை எழுதிக்கொடுங்கள்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், அவர்கள் உடம்பின் கடிகாரம் வேறு. சிபாப் போடுபவரைச் சில இரவு அதை விட்டிருக்கச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. என்-3 சாலையில் லாரி ஓட்டுபவர் அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. வீட்டிலேயே சிபாப் ஓட்டும் ஆய்வு என்றால், லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பேட்டரியில் ஓட்டும்போது ஈரமூட்டும் வெந்நீர்ப் பெட்டியை அணைத்துவிட்டால் மின்சாரம் வெகுநேரம் தாங்கும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். அறநெறிக் குழுவின் அனுமதி எண் எங்கே? மருந்து கொடுக்கும் சோதனை என்றால் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவின் அனுமதியும் தேசியப் பதிவேட்டு எண்ணும் எங்கே? ஆய்வால் தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது? மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு கொடுக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் சிரமத்துக்கும் கொடுக்கும் தொகை படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது என்றால் பேரன் மொழிபெயர்ப்பது போதாது. “எல்லாம் சரி பாட்டி, போடு” என்பதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு இல்லை. மருந்து கொடுக்கும் இரவுக்கு மறுநாள் வண்டி ஓட்டக் கூடாது, அழைத்துப்போக ஆள் வேண்டும். ஓபியாயிட் மயக்கத்தை முறிக்கும் நலாக்சோன் மருந்து கையருகே இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

போகிறபோக்கில் ஒன்று: குழந்தைகளுக்குக் கோடீன் சிரப் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றும் ஈரல் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. ஆப்னியாவுக்காக டான்சில் எடுத்த குழந்தைகள் சிலர் இறந்ததையடுத்து 2013-இல் அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்குப்பின் கோடீன் கொடுப்பதைத் தடுத்தார்கள், 2017-இல் 12 வயதுக்குக் கீழ் யாருக்குமே கூடாது என்றார்கள்.

கடைசியாக, திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு. ‘தகுதி இல்லை’ என்றால் ‘நோய் இல்லை’ என்று பொருளல்ல. மணிக்கு 40 தடவை மூச்சு நிற்பவரையும், பகலிலேயே ஆக்சிஜன் குறைந்தவரையும் ஆபத்து கருதியே விலக்குகிறார்கள். எந்தக் காரணத்துக்காக விலக்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அன்று எடுத்த பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதை வலி மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டரிடம் அந்த வாரமே காட்டுங்கள். அதுவரை ராத்திரி மாத்திரையோடு மதுவும் தூக்க மாத்திரையும் சேராமல், ஒருக்களித்துப் படுங்கள்.

இப்படிக்கு,
தூக்கப் பரிசோதனைக் கூடத்திலும் மருந்தகத்திலும் பணிபுரியும் மூவர்,
டர்பன்.